சீட்டைப் பிடித்திருக்கும் கொக்கி

வேனின் பின்வரிசைக்கு ஆள் ஏற வேண்டுமென்றால் நடுவரிசை சீட்டை முன்னால் மடிக்க வேண்டும். ஏறியதும் சீட்டைப் பழையபடி பின்னால் தள்ளினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். சீட்டின் காலில் இருக்கும் கொக்கி, தரையோடு பொருத்திய இரும்புக் கம்பியைக் கவ்வும் சத்தம் அது. கதவுப் பூட்டின் அமைப்பும் ஏறக்குறைய இதேதான். கம்பி நுழைந்ததும் கொக்கி திரும்பிக்கொள்ளும். அதற்குப் பின்னால் ஒரு பல் விழுந்து கொக்கியை அசையவிடாமல் தடுக்கும். அந்தப் பல்லை ஒரு சின்ன ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கும். கைப்பிடியை இழுத்தால் உள்ளே ஓடும் கேபிள் பல்லை விலக்கி, கொக்கியை விடுவிக்கும். சீட் முன்னும் பின்னும் நகரும் ரெயிலிலும், முதுகு சாயும் ரிக்லைனரிலும் வடிவம் வேறு; பல்லும் ஸ்பிரிங்கும் செய்யும் வேலை ஒன்றே.

இந்தப் பூட்டு கெட்டுப்போகப் பெரிய காரணம் வேண்டியதில்லை. ஸ்பிரிங் தளரும், கேபிள் துருப்பிடித்து நடுவழியில் நின்றுவிடும், தரைப் பள்ளத்தில் மண்ணோ, விழுந்த நாணயமோ அடைத்துக்கொண்டு கொக்கியை முழுசாக இறங்கவிடாது. தொழிற்சாலையிலேயே வெல்டிங் பலவீனமாக அமைந்துவிடுவதும் உண்டு. முழுக்கக் கழன்ற பூட்டு ஆபத்து குறைவு, ஏனென்றால் சீட் ஆடும், உட்கார்ந்தவருக்குத் தெரிந்துவிடும். பாதி மாட்டிய பூட்டுதான் ஆளை ஏமாற்றும். சீட் நிமிர்ந்தே நிற்கும், சாய்ந்தாலும் தாங்கும். பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போதுதான் கொக்கி பிடிக்கவில்லை என்பது தெரியவரும்.

அந்த நொடியில் சீட்டின் மேல் விழும் சுமையைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வேன் எதிலாவது மோதி பத்தில் ஒரு நொடிக்குள் நின்றால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளும் தன் எடையைப் போல் சுமார் 17 மடங்கு விசையோடு முன்னால் பாயும். 20 கிலோ சீட், 340 கிலோ எடைக்குச் சமமான விசையோடு கொக்கியை இழுக்கும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் பெல்ட் போடாமல் பின்னால் உட்கார்ந்திருந்தால், ஒரு டன் எடைக்குச் சமமான விசையோடு முன்சீட்டின் முதுகில் மோதுவார். ஐ.நா. வாகன விதிகளில் 17ஆவது விதி, சீட்டும் அதன் பூட்டும் புவியீர்ப்பைப் போல் 20 மடங்கு விசையைத் தாங்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

இந்தப் பூட்டுக்காக வேன்களைக் கூட்டமாகத் திரும்ப அழைத்த சம்பவங்களில் பெரியது அமெரிக்காவில் நடந்தது. அங்கே குடும்பங்கள் விரும்பி வாங்கும் வேன், ஹோண்டா ஒடிசி. 2016 டிசம்பரில், 2011 முதல் 2016 வரையிலான மாடல்களில் 6,33,753 வேன்களை ஹோண்டா திரும்ப அழைத்தது. இரண்டாம் வரிசை சீட்டின் கைப்பிடி, பூட்டு திறந்த நிலையிலேயே நின்றுவிடக்கூடும் என்பது காரணம். அடுத்த ஆண்டு நவம்பரில் இன்னொரு அறிவிப்பு. சீட்டைக் கழற்றி மாட்டும்போதோ, பக்கவாட்டில் நகர்த்தும்போதோ கொக்கி சரியாக விழாவிட்டால், பிரேக் போடும்போது சீட் முன்னால் கவிழக்கூடும். இம்முறை 2011 முதல் 2017 வரையிலான சுமார் 8 லட்சம் வேன்கள். அதற்குள் 46 பேருக்கு லேசான காயம் ஏற்பட்டதாகப் புகார்கள் வந்திருந்தன. வசதிக்காகக் கழற்றி மாட்டும்படி செய்த சீட்டே வினையாக முடிந்தது.

தமிழ்நாட்டில் ஓடிய வண்டிகளுக்கும் இப்படி நேர்ந்திருக்கிறது. மறைமலை நகரில் இருந்த ஃபோர்டு ஆலையில் தயாரான ஈகோஸ்போர்ட் கார்களில் சிலவற்றை, 2018இல் அந்த நிறுவனம் சோதனைக்கு அழைத்தது. 2017 மே, ஜூன் மாதங்களில் தயாரான 4,379 வண்டிகளில் முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் வெல்டிங்கில் சந்தேகம். ஆயிரத்துச் சொச்சம் வண்டிகளில் டிரைவர் சீட், பக்கத்து சீட் இரண்டின் ரிக்லைனர் பூட்டிலும் சந்தேகம். அதற்கு முன்பு 2016இலும் சுமார் 700 ஈகோஸ்போர்ட்களில் பின்சீட்டு மடிப்பின் பின்னை மாற்றித் தந்தார்கள். மாருதி நிறுவனம் 2022 டிசம்பரில் எர்டிகா உட்பட 9,125 வண்டிகளை அழைத்தது. முன்சீட் பெல்ட்டைத் தோள் உயரத்துக்கு ஏற்றி இறக்கும் பாகத்தில் கோளாறு. பெல்ட்டே கழன்றுவிடலாம் என்ற அச்சம். ஒரு மாதம் கழித்து 11,177 கிராண்ட் விட்டாரா வண்டிகளில் பின்சீட் பெல்ட்டைத் தாங்கும் பிராக்கெட் தளரக்கூடும் என்று இன்னொரு அறிவிப்பு வந்தது.

எல்லா வண்டிகளையும் அழைக்காமல் இரண்டு மாதத்து வண்டிகளை மட்டும் அழைப்பது எப்படி? ஒவ்வொரு பாகமும் எந்த நாளில், எந்தத் தொகுதியில் தயாராகி, எந்த வண்டியில் ஏறியது என்பதற்கு ஆலையில் கணக்கு இருக்கும். சேஸிஸ் எண்ணின் 17 எழுத்துகளும் எண்களும் அந்தக் கணக்கோடு இணைந்தவை. ஒரு தொகுதி பாகம் மோசம் என்று தெரிந்தால், அது போய்ச் சேர்ந்த வண்டிகளைத் தனியே பிரித்துவிடலாம். இப்படித் திரும்ப அழைப்பதை அவமானமாக நினைக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் உண்டு. அறிவிப்பே வெளியிடாத நிறுவனத்தைவிட, தவறைக் கண்டுபிடித்து வண்டியைக் கூப்பிடும் நிறுவனம் எவ்வளவோ மேல்.

இந்தியாவில் இதற்கான சட்டம் தாமதமாகத்தான் வந்தது. 2012இல் வாகன உற்பத்தியாளர் சங்கமான சியாம் தானாக ஒரு நெறிமுறை வகுத்தது. அதற்கு முன் அதுவும் இல்லை. 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவுதான், குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறும்படி உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தந்தது. நிறுவனம் குறையைச் சரிசெய்து தர வேண்டும், அல்லது வேறு வண்டி தர வேண்டும், அல்லது பணத்தைத் திருப்பித் தர வேண்டும். குறையைத் தானே தெரிவித்து வண்டிகளை அழைக்கும் நிறுவனத்துக்கு அபராதம் கிடையாது. 2021 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த விதிகளின்படி, அரசு உத்தரவிட்டு அழைக்க நேர்ந்தால் 10 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். வாகன உரிமையாளர் புகார் செய்ய அரசின் ‘வாகன்’ இணையதளத்தில் தனிப் பகுதியும் உண்டு.

ஆனால் இந்த விதி ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு மட்டும். திருவள்ளூர் பக்கம் ஓடும் வேன்களை நினைத்துப் பார்த்தால் இந்த வரம்பின் குறை புரியும். திருவள்ளூரிலேயே கார் ஆலை இருக்கிறது: இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஒருகாலத்தில் மிட்சுபிஷி லேன்சர் தயாரித்த இடத்தில் இப்போது சிட்ரோயன் தயாராகிறது. இருந்தாலும் திருப்பாச்சூர் வழியாகத் திருத்தணி சாலையிலும், கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் ஷிப்ட் ஆட்களை ஏற்றிப்போகும் வேன்களில் பல, ஏழு வயதைத் தாண்டி, இரண்டு மூன்று கை மாறியவை. நிறுவனத்தின் அழைப்புக் கடிதம் முதலில் வாங்கியவரின் முகவரிக்குப் போகும். வண்டியோ வேறொருவர் வீட்டு வாசலில் நிற்கும்.

சீட்டையே மாற்றியிருந்தால் கடிதம் வந்தும் பயனில்லை. கூடுதலாக நான்கு பேர் உட்காரட்டும் என்று கம்பெனி சீட்டைக் கழற்றிவிட்டு, லேத் பட்டறையில் அடித்த பெஞ்சைத் தரைத் தகட்டில் நான்கு போல்ட்டால் முடுக்கிவிடுகிறார்கள். அந்தப் பெஞ்சை எந்தச் சோதனைக்கூடமும் பார்த்ததில்லை. தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்ன பிறகும் இது நிற்கவில்லை. சீட்டின் அடியில் இருப்பதை யாரும் பார்க்காததன் விலை தமிழ்நாட்டுக்குத் தெரியும். 2012 ஜூலையில் தாம்பரம் அருகே, பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி சாலையில் விழுந்து இறந்தாள். பள்ளிப் பேருந்துகளுக்கான தமிழக அரசின் சிறப்பு விதிகள் அந்த ஆண்டே வந்தன.

பெல்ட்டின் கொக்கியையும் மக்களே ஏமாற்றுவது உண்டு. பெல்ட் போடாமலே எச்சரிக்கை ஒலியை நிறுத்தும் போலிக் கிளிப்புகளை விற்ற 13,118 பதிவுகளை, ஐந்து இணைய வணிகத் தளங்களிலிருந்து 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நீக்கவைத்தது.

வேன் வைத்திருப்பவர் ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம், அல்லது சர்வீஸ் சென்டரில் கேட்கலாம். திரும்ப அழைத்த வண்டி என்றால் வேலைக்குக் காசு வாங்க மாட்டார்கள். பழைய வேன் வாங்குகிறவர் பணம் கொடுக்கும் முன் இதைச் செய்துவிடுவது நல்லது. வேனில் ஏறுகிறவருக்கு அதைவிடச் சுலபமான சோதனை ஒன்று இருக்கிறது. உட்காரும் முன் சீட்டின் முதுகை மேற்புறமாகப் பிடித்து, பலமாக ஒரு முறை முன்னால் இழுத்துப் பாருங்கள். அசைந்தால் அந்த சீட்டில் உட்காராதீர்கள், குழந்தையையும் உட்காரவைக்காதீர்கள். டிரைவரிடம் அப்போதே சொல்லிவிடுங்கள்.