களர் நிலமும் என் தபால் படிப்பும்



நான் திருச்சி மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் வசிக்கும் குடும்பத் தலைவி. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்று, கல்யாணம், இரண்டு பிள்ளைகள் என்று இருபது வருஷம் ஓடிவிட்டது. நாற்பது வயதில் தொலைதூரக் கல்வியில் மண்ணியல் அடிப்படைப் பாடம் படித்தேன். "அடுப்படியில இருக்கிறவளுக்கு மண்ணைப் பத்தின படிப்பு எதுக்கு?" என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம்.

எங்களுக்கு இருப்பது ஒன்றரை ஏக்கர். அதில் பாதி, நெல் போட்டால் மஞ்சளாகிக் கருகும். மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும்; காய்ந்தால் கல் மாதிரி இறுகிவிடும். எத்தனை மூட்டை யூரியா போட்டாலும் பலன் இல்லை. "செத்த மண்ணு அண்ணி, மனைக்குக் கொடுத்துடலாம்" என்றார் கொழுந்தனார். தரகர் வீட்டுத் திண்ணை வரைக்கும் வந்துவிட்டார். என் வீட்டுக்காரருக்கும் பாதி மனசு சாய்ந்துவிட்டது. வீட்டுக்கு அரிசி, மாட்டுக்கு வைக்கோல் எல்லாம் அந்த நிலத்தில்தான். அது போனால் எல்லாமே கைக்காசு!

அந்தச் சமயத்தில்தான் பால் காசில் சேர்த்து வைத்திருந்ததைக் கட்டிச் சேர்ந்தேன். புத்தகம் தபாலில் வந்தது. இரவு பாத்திரம் கழுவிய பிறகு தினமும் ஒரு மணி நேரம் படிப்பு. மாமியார் தடை சொல்வார் என்று நினைத்தேன். அவர் பிறந்த ஊர் தஞ்சாவூர் பக்கம். "எங்க ஊர்ல ரேடியோ கேட்டே நெல்லு போட்டாங்க, நீ தபால்ல படிச்சா என்ன?" என்றார். 1960-களில் திருச்சி வானொலி சொல்லிக்கொடுத்துப் பரவிய ஆடுதுறை 27 ரகத்தை, தஞ்சை விவசாயிகள் 'ரேடியோ நெல்' என்றே கூப்பிட்டார்களாம்!

முதல் பாடமே என்னை உட்கார வைத்துவிட்டது. நல்ல மண்ணில் ஏறத்தாழ பாதிதான் மண் துகளும் மக்கும். மீதிப் பாதி காற்றும் தண்ணீரும் இருக்க வேண்டிய இடம். எங்கள் நிலத்தில் அந்த இடமே அடைபட்டிருக்கிறது என்று அப்போது புரிந்தது.

அடுத்து ஒரு சோதனை செய்தேன். இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டிலில் பிடித்து வைத்த மழைத் தண்ணீர். ஒன்றில் கொல்லை மண், இன்னொன்றில் அந்த வயல் மண். கலக்கி வைத்தேன். கொல்லை மண் மறுநாளே தெளிந்தது. வயல் மண்ணோ மூன்று நாள் ஆகியும் பால் மாதிரி கலங்கியே நின்றது. அதில் இரண்டு சிட்டிகை ஜிப்சம் போட்டுக் கலக்கினேன். தெளிய ஆரம்பித்தது! சோடியம் அதிகமானால் களித்துகள்கள் ஒன்றோடொன்று சேராமல் பிரிந்து நின்று மண்ணின் துளைகளை அடைத்துவிடும். ஜிப்சத்தில் உள்ள சுண்ணாம்புச் சத்து அவற்றை ஒன்று சேர்க்கும். பாடத்தில் படித்ததைக் கண்ணால் பார்த்தேன். மண் சாகவில்லை, அது களர்!

ஆனாலும் பாட்டிலை மட்டும் நம்பி முடிவு எடுக்கக் கூடாது இல்லையா? முறைப்படி மண் எடுத்தோம். வரப்பு, மரத்தடி, எருக்குவியல் பக்கம் விட்டுவிட்டு, வயலில் குறுக்கும் நெடுக்குமாகப் பத்துப் பதினைந்து இடத்தில், மேலே உள்ள சருகை விலக்கி, 'வி' போல 15 சென்டிமீட்டர் ஆழம் வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சுரண்டிச் சேர்க்க வேண்டும். கலந்து பரப்பி நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவாக்க வேண்டும். பரிசோதனை நிலையத்தில் கார அமில நிலை 9.1 என்று வந்தது. நெல்லுக்கு 7-ஐ ஒட்டி இருந்தால் நல்லது, 8.5-க்கு மேல் போனாலே களர் என்று சந்தேகப்படலாம். இவ்வளவு காரமான மண்ணில் தூவுகிற யூரியாவில் ஒரு பங்கு அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். துத்தநாகச் சத்தும் பயிருக்குக் கிடைக்காது. பயிர் மஞ்சளானதற்கும் எங்கள் பணம் வீணானதற்கும் காரணம் தெரிந்துவிட்டது.

அந்தத் தாளைத் தரகர் முன்னாலேயே மாமியார் கையில் கொடுத்தேன். பட்டா அவர் பேரில்தான். "ரெண்டு போகம் பாப்போம்" என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது.

பரிசோதனையில் சொன்ன அளவு ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீர் கட்டி வைத்து வடித்தோம். ஜிப்சம் மட்டும் போதாது. பிரிந்து வரும் சோடியம் வெளியேற வடிகால் இருந்தே ஆகணும். பிறகு ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கிற சமயம் மடக்கி உழுதோம். களரைத் தாங்கும் டி.ஆர்.ஒய். நெல் ரகம் நட்டு, துத்தநாக சல்பேட்டும் போட்டோம். முதல் போகத்தில் பாதி வயல்தான் தேறியது. இரண்டாவதில் வீட்டுச் சாப்பாட்டுக்குப் போக நாலு மூட்டை விற்றோம். இன்னும் ஒரு மூலை வெள்ளை பூத்துத்தான் கிடக்கிறது. அதையும் விடப் போவதில்லை.

தோழிகளே, 2015-ல் மத்திய அரசு மண்வள அட்டைத் திட்டத்தைத் தொடங்கியது. உங்கள் வீட்டிலும் ரேஷன் கார்டோடு அந்த அட்டை சும்மா கிடக்கலாம். எடுத்துப் பாருங்கள். கார அமில நிலை, உப்பு, கரிமச் சத்து, தழை, மணி, சாம்பல் என்று 12 விவரம் இருக்கும். பழசானால் மறுபடி மண் எடுத்துக் கொடுங்கள். படிக்க ஆசையிருந்தால் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி இயக்ககத்தில் விசாரியுங்கள். நாற்று நடுவதும் களை பறிப்பதும் நாம்தானே? மண்ணைப் பற்றிய பேச்சில் மட்டும் நாம் ஏன் வாய் மூடி நிற்கணும்?

- ஒரு வாசகி, திருச்சி மாவட்டம்.