டிரெய்லரின் பளு எங்கே இறங்குகிறது?

நமது நாட்டில் டிராக்டர் உழவுக்கு மட்டும் பயன்படும் கருவியன்று. கரும்பை ஆலைக்கும் தானியத்தை மண்டிக்கும் கொண்டு சேர்ப்பதிலும் அதன் பங்கு பெரிது. ஆயினும், டிரெய்லரில் எவ்வளவு ஏற்றலாம் என்பதில் காட்டும் அக்கறையை, அப்பளு டிராக்டரின் எந்த இடத்தில் இறங்குகிறது என்பதில் நாம் காட்டுவதில்லை.

இரு சக்கர டிரெய்லர் தன் சுமை முழுவதையும் தானே தாங்குவதில்லை; ஒரு பகுதியை இணைப்பின் வழியே டிராக்டரின் மீது இறக்குகிறது. அளவோடு இருந்தால் இது நன்மையே. பின் சக்கரங்களுக்குப் பிடிப்பு கூடும். மிகுந்தால் தீமை. முன், பின் அச்சுகளின் இடைவெளி 2 மீட்டர் என்றும், இணைப்பு பின் அச்சுக்கு 70 செ.மீ. பின்னால் உள்ளது என்றும் கொள்வோம். இணைப்பில் 1,000 கிலோ இறங்கினால் முன் சக்கரங்களின் மேலுள்ள பளு 350 கிலோ குறைந்துவிடும். அவை முன்பு தாங்கியது 700 கிலோ என்றால், அதில் பாதி போயிற்று. மேட்டில் ஏறும்போது இன்னும் குறையும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது.

இச்சிக்கலுக்கு அமெரிக்க விவசாயிகள் தங்கள் பிக்கப் வண்டிகளில் ஒரு வழி கண்டுள்ளனர். பின்புறத் தொட்டியை அகற்றிவிட்டுத் தட்டையான தளம் ஒன்றைப் பொருத்துகின்றனர். டிரெய்லரின் முன்பகுதி வாத்தின் கழுத்தைப் போல வளைந்து வந்து, தளத்திலுள்ள உருண்டையான இரும்புக் குமிழின் மேல் அமர்கிறது. குமிழ் பின் அச்சுக்கு நேர் மேலோ சற்று முன்னோ இருப்பதால் முன் சக்கரங்களின் பளு குறைவதில்லை. டிரெய்லரின் மொத்த எடையில் 15 முதல் 25 சதவீதம் வரை இக்குமிழில் இறங்கும். ஆதலால் அதனைத் தளத்தின் தகட்டில் மட்டும் பொருத்துவது போதாது; வண்டியின் அடிச்சட்டத்தோடு உறுதியாகப் பிணைக்க வேண்டும்.

இவ்வமைப்பை டிராக்டருக்கு அப்படியே கொண்டுவர இயலாது. எனினும் அதன் கோட்பாடு நமக்கும் உதவும். சுமையை டிரெய்லரின் முன்பகுதியில் குவிக்கலாகாது. பின்பகுதியில் குவித்தால் இணைப்பு மேலெழும்பி டிரெய்லர் ஆடத் தொடங்கும். அச்சுக்குச் சற்று முன்னே பளு மிகுமாறு பரப்பி ஏற்றுவதே முறை. டிரெய்லரை டிராக்டரின் தாழ்ந்த இழுவைச் சட்டத்தில்தான் இணைக்க வேண்டும். பின் அச்சுக்கு மேலே சங்கிலியிட்டு இழுத்தால் டிராக்டர் பின்புறமாகக் கவிழக்கூடும். ஓட்டுநர் குதித்துத் தப்பக்கூட அவகாசம் இராது. சாலையில் செல்லுமுன் இடது, வலது பிரேக் மிதிகளை ஒன்றாகப் பூட்டுவதும் இன்றியமையாதது.

இவற்றுக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. சுமை ஏற்றும்போது காட்டும் சிறிது கவனம், விளைபொருளோடு ஓர் உயிரையும் பத்திரமாக வீடு சேர்க்கும்.