திருப்பதி மலையடிவாரத்தில் நாயுடன் நடைப்பயிற்சியா? கவனம் தேவை

திருப்பதி: சேஷாசல மலைச்சரிவின் பசுமையும் அதிகாலைக் குளிர்காற்றும், வளர்ப்பு நாயுடன் நடைப்பயிற்சி செல்வோரை மலையடிவாரச் சாலைகளுக்கு ஈர்க்கக்கூடியவை. ஆனால், கடற்கரை நகரங்களின் மணற்பரப்பு போன்றதல்ல இவ்விடம். இங்கு நகரின் விளிம்பிலேயே காடு தொடங்கிவிடுகிறது.

1989-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்கா, சுமார் 353 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. இங்குச் சிறுத்தைகள் வாழ்கின்றன. 2023 ஆகஸ்ட் மாதம் அலிபிரி நடைபாதையில் 6 வயது சிறுமி சிறுத்தை தாக்கி உயிரிழந்தார். இதையடுத்து, பிற்பகல் 2 மணிக்குப் பின் சிறாருடன் நடைபாதையில் செல்ல, திருமலை திருப்பதி தேவஸ்தானம் கட்டுப்பாடு விதித்தது.

ஊரை ஒட்டிய பகுதிகளில் சிறுத்தைக்கு எளிதில் கிடைக்கும் இரைகளில் ஒன்று நாய். ஆகவே, நாயைத் தேடி வரும் சிறுத்தையால் உடன் செல்பவருக்கும் ஆபத்து நேரலாம். அதேபோல், தடுப்பூசி செலுத்தப்படாத நாய்களிடமிருந்து வெறிநோய், டிஸ்டெம்பர் போன்ற நோய்கள் காட்டு விலங்குகளுக்குப் பரவக்கூடும்.

எனவே, காட்டையொட்டிய பாதைகளைத் தவிர்த்து, மக்கள் நடமாட்டமுள்ள சாலைகளில், நன்கு விடிந்த பின்னரோ பொழுது சாயும் முன்னரோ நடப்பதே பாதுகாப்பானது. நாயை அவிழ்த்துவிடாமல் குறுகிய வாரில் பிடித்துச் செல்வதும், உரிய காலத்தில் தடுப்பூசி செலுத்துவதும் உரிமையாளரின் கடமையாகும்.