எருமை எண்ணும் இரவுகள்

குழந்தைகளே, ஹரியானாவில் ஒரு தொழுவத்துக்குப் போய்வரலாமா? அங்கே கட்டியிருப்பவை முர்ரா எருமைகள். கருகருவென்ற உடல், சுருண்ட கொம்பு. நிறையப் பால் கறக்கும் இனம். பசு ஆண்டு முழுவதும் கன்று போடும். முர்ராவுக்கோ ஜூலை முதல் டிசம்பர் வரைதான் கன்றுகள் அதிகம். ஏன் அப்படி?

ஒரு கணக்குப் போடுவோம். எருமையின் சினைக்காலம் ஏறக்குறைய 310 நாள். ஆகஸ்டில் கன்று பிறந்தால், தாய் அதற்கு முந்தைய அக்டோபரில் சினை பிடித்திருக்கும். அக்டோபரில் என்ன நடக்கிறது? வெயில் தணிகிறது, இரவு நீள்கிறது.

அந்த இரவைத்தான் எருமை அளக்கிறது! இருட்டியதும் மூளையில் உள்ள பினியல் சுரப்பி மெலடோனின் என்ற பொருளைச் சுரக்கும். இரவு நீண்டால் அதுவும் நெடுநேரம் சுரக்கும். ‘கன்று தாங்கும் காலம் வந்தது’ என்று உடல் அதிலிருந்து அறிந்துகொள்ளும். பத்து மாதம் கழித்துக் கன்று பிறக்கும்போது, மழை பெய்து பசும்புல் தழைத்திருக்கும். தாய்க்குத் தீனி, கன்றுக்குப் பால்!

இது உண்மைதானா? பிரேசிலைப் பாருங்கள். முர்ரா எருமைகளை அங்கேயும் கொண்டுபோய் வளர்க்கிறார்கள். அந்நாட்டின் தென்பகுதியில் இரவு மிக நீண்டிருப்பது ஜூனில். அதனால் அங்கே பிப்ரவரி, மார்ச், ஏப்ரலில்தான் கன்றுகள் அதிகம். எருமை அதேதான், இரவு மாறியதும் மாதமும் மாறிவிட்டது.

கோடையில் இன்னொரு தொல்லை உண்டு. கறுப்புத் தோல் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். பசுவை விட எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் மிகக் குறைவு. சூடேறிய எருமை தீனியைக் குறைக்கும். சினைக்குத் தயாரானாலும் கத்தாது, அடையாளம் காட்டாது. இதை ‘ஊமைச் சினைப்பருவம்’ என்பார்கள். 21 நாளுக்கு ஒருமுறை வரும் அந்தப் பருவம் தெரியாமலே போய்விடும். அதனால்தான் வளர்ப்பவர்கள் அதிகாலையிலும் இரவிலும் எருமையைக் கவனிக்கிறார்கள்.

எருமை சேற்றில் புரளுவதைச் சோம்பல் என்று நினைக்காதீர்கள். வியர்வை செய்ய வேண்டிய வேலையைக் குளத்து நீர் செய்கிறது. குளம் இல்லாத ஊரில் மர நிழலும், உடம்பில் ஊற்றும் தண்ணீரும் எருமையைக் காக்கும்.

செய்து பாருங்கள்: எருமை வளர்க்கும் ஒருவரிடம், கன்று எந்த மாதம் பிறந்தது என்று கேளுங்கள். 310 நாள் பின்னோக்கி எண்ணுங்கள். அப்போது இரவு நீண்டதா, குறுகியதா? தமிழ்நாட்டில் இரவின் நீளம் ஹரியானா அளவுக்கு மாறாது. அதனால் பல வீடுகளில் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.