எண்ணாகும் உடல்: அமெரிக்கக் கால்பந்து வீடியோ விளையாட்டில் திறனும் அணியும்

வீடியோ விளையாட்டைப் பற்றிக் கட்டுரை எழுத என்ன இருக்கு, பிள்ளைகள் சமாச்சாரம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. சினிமாவைப் பற்றியும் ஒரு காலத்தில் இப்படித்தான் கேட்டார்கள். அமெரிக்கக் கால்பந்தை வைத்துச் செய்யப்படும் விளையாட்டுகளில், குறிப்பாக ‘மேடன்’ வரிசையில், மனிதனின் திறன் எப்படி எண்ணாகிறது, அந்த எண்களைக் கோத்து அணி எப்படிக் கட்டப்படுகிறது, கடைசியில் அந்த எண் யாருக்குச் சொந்தம் என்கிற மூன்று கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்வோம்.

முதலில் ஆட்டம். பெயர்தான் கால்பந்து, பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். பக்கத்துக்கு 11 பேர். நான்கு முயற்சிக்குள் 10 கெஜம் முன்னேறணும். முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். குவார்ட்டர்பேக் பந்தை எறிகிறவர். ரிசீவர் ஓடிப்போய்ப் பிடிக்கிறவர். இவர்களுக்கு முன்னால் பெரும்பாலும் ஆளுக்கு 300 பவுண்டுக்குக் குறையாத ஐந்து லைன்மேன்கள் மதில்போல் நின்று எதிராளிகளைத் தடுக்கிறார்கள். உழைப்புப் பிரிவினை இவ்வளவு அப்பட்டமாகத் தெரிகிற விளையாட்டு அபூர்வம். ஒருவன் வேலையை மற்றவன் செய்ய முடியாது. செய்யச் சொல்லிக் கேட்பதுமில்லை.

பயிற்சியாளராக இருந்து வர்ணனையாளரான ஜான் மேடன் பெயரில் 1988இல் ஆப்பிள் 2 கணினிக்கு எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் முதல் விளையாட்டை வெளியிட்டது. அன்றைய கணினியின் சக்திக்கு ஆட்களைக் குறைத்துவிடலாம் என்று நினைத்தார்கள். பக்கத்துக்கு 11 பேர் இல்லாவிட்டால் அது கால்பந்தே இல்லை என்று மேடன் பிடிவாதமாக நின்றார். இதில் ஒரு அரசியல் இருக்கிறது. எறிகிறவனையும் பிடிக்கிறவனையும் மட்டும் வைத்துக்கொண்டு மதில் வேலை செய்கிறவர்களை நீக்கிவிட்டால், நட்சத்திரங்கள் மட்டுமே மிஞ்சுவார்கள், அமைப்பு மறைந்துபோகும்.

இப்போது எண்ணுக்கு வருவோம். இந்த வரிசையில் ஒவ்வொரு வீரருக்கும் வேகம், முடுக்கம், பலம், பந்து பிடித்தல், எறியும் வலு, சூழல் உணர்வு என்று பல டஜன் பண்புகள். ஒவ்வொன்றுக்கும் உச்சவரம்பு 99. இவற்றையெல்லாம் சேர்த்து ஒரு மொத்த மதிப்பெண் தருகிறார்கள். இது வெறும் சராசரி அல்ல. ரிசீவருக்கு வேகம் பெரிய விஷயம். நடு வரிசை லைன்மேனுக்கு அது ஏறக்குறைய செல்லாக்காசு. ஒரே ஆளை வேறு இடத்தில் போட்டால் அவர் மதிப்பெண் சரிந்துவிடும். உடல் அதேதான், ஆனால் மதிப்பு வேறு.

மொழியில் ஒரு குறிக்குத் தன்னளவில் மதிப்பில்லை, மற்றக் குறிகளோடு அது கொள்ளும் உறவிலும் இடத்திலும்தான் மதிப்பு பிறக்கிறது என்று சசூர் சொன்னபோது சதுரங்கக் காயைத்தான் உதாரணம் காட்டினார். மேடனின் மொத்த மதிப்பெண்ணும் அப்படித்தான். ‘இவன் திறமைசாலி’ என்பது ஒரு மனிதனைப் பற்றிய வாக்கியம் போலத் தோன்றுகிறது. உண்மையில் அது ஒரு காலியிடத்தைப் பற்றிய வாக்கியம்.

எண்கள் வானத்திலிருந்து விழுவதில்லை. 1987 முதல் இண்டியானாபொலிஸ் நகரில் ஆண்டுதோறும் கல்லூரி வீரர்களை வரவழைத்துச் சோதிக்கிறார்கள். உயரம், எடை, கையின் நீளம் அளக்கப்படும். 40 கெஜத்தை எத்தனை விநாடியில் ஓடுகிறான், 225 பவுண்டை எத்தனை முறை தூக்குகிறான் என்று குறித்துக்கொள்வார்கள். தேர்வு என்பது மனிதனை ஒரு ‘கேஸ்’ ஆக்குகிற சடங்கு என்று ஃபூக்கோ விளக்கியதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. வீடியோ விளையாட்டு இந்தக் கோப்பை எடுத்துப் பொம்மைக்கு உயிர் கொடுக்கிறது.

கோப்பு தப்பாகவும் போகும். 2000ஆம் ஆண்டுத் தேர்வில் டாம் பிரேடி 40 கெஜம் ஓட எடுத்துக்கொண்டது 5.28 விநாடி. அவருக்கு முன்னால் 198 பேரை அணிகள் எடுத்துக்கொண்டன. அவரோ ஏழு முறை சூப்பர் பௌல் வென்றார். எண் தோற்றுவிட்டது என்று கைதட்ட அவசரப்பட வேண்டாம். ஜெயித்தபிறகு அதே எண்முறை அவரை வரவேற்று ‘சூழல் உணர்வு’ என்ற கட்டத்தில் புள்ளிகளை அள்ளிப்போட்டது. விதிவிலக்கைத் தின்றுதான் அமைப்பு கொழுக்கிறது.

2019இல் வந்த மேடன் 20 இன்னொரு அடுக்கைச் சேர்த்தது. ‘எக்ஸ்-ஃபேக்டர்’ என்று அதற்குப் பெயர். சில நட்சத்திரங்கள் ஆட்டத்துக்குள் ஒரு நிபந்தனையை நிறைவேற்றினால் தனித்திறன் விழித்துக்கொள்ளும். எதிரணி அதை முறியடித்தால் அணைந்துவிடும். எண்ணில் அடங்காத ஏதோ ஒன்று மனிதனிடம் இருக்கு என்று நாம் நம்புகிறோமே, அந்த நம்பிக்கையையும் நிபந்தனையாக எழுதிவிட்டார்கள்.

அணி கட்டுவதைப் பார்ப்போம். நிஜ லீகில் 1994 முதல் சம்பள உச்சவரம்பு இருக்கிறது. அன்று ஓர் அணிக்கு 3.46 கோடி டாலர், 2025இல் 27.92 கோடி. இதற்குள் 53 பேரை வைத்துக்கொள்ள வேண்டும். குவார்ட்டர்பேக்குக்கு அள்ளிக் கொடுத்தால் மதில் பலவீனப்படும். மதில் சரிந்தால் குவார்ட்டர்பேக்கின் 99 புள்ளி மண்ணில் கிடக்கும். ஆகவே கெட்டிக்கார ஆட்டக்காரர் இளைஞர்களைக் குறைந்த சம்பளத்தில் எடுத்து வளர்க்கிறார். முப்பதைத் தாண்டியவரின் புள்ளிகள் குறையத் தொடங்கியதும் விற்றுவிடுகிறார். இல்லையென்றால் ஒரு பொத்தானை அழுத்தி வெளியே அனுப்புகிறார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கணும். விளையாட்டு நம்மை யாராக ஆக்குகிறது? ஓடுகிறவனாக என்று நினைத்துத்தான் உட்காருகிறோம். சில மணி நேரத்தில் முதலாளியின் கண்ணால் பார்க்கப் பழகிவிடுகிறோம். வயசான தொழிலாளியைக் கழிப்பது கொடுமையாகத் தோன்றுவதில்லை, புத்திசாலித்தனமாகத் தோன்றுகிறது. ஆட்குறைப்பை ரசிக்கக் கற்றுக்கொள்வது சின்ன விஷயமில்லை. 2010இல் வந்த ‘அல்டிமேட் டீம்’ முறை இதை இன்னும் தூக்கிச் சாப்பிட்டது. அதில் வீரர்கள் சீட்டுகள்; உறைக்குள் யார் இருக்கிறார் என்று தெரியாமலே காசு கொடுத்து வாங்கலாம்.

திரைக்கு வெளியே எண்கள் என்ன செய்தன? மூளைக் காயத்துக்காக ஓய்வுபெற்ற வீரர்கள் லீக் மீது தொடுத்த வழக்கில் ஓர் இழப்பீட்டு ஒப்பந்தம் ஏற்பட்டது. அதில் மறதிநோயைக் கணக்கிடுகையில் கறுப்பின வீரரின் அறிவாற்றல் தொடக்கத்திலேயே குறைவாக இருந்ததென்று வைத்துக்கொள்ளும் ஒரு அளவுமுறை பயன்படுத்தப்பட்டது. தொடக்கம் குறைவென்றால் இழப்பும் குறைவு. இழப்பு குறைவென்றால் பணமும் குறைவு. எதிர்ப்பு கிளம்பியபிறகு 2021இல்தான் லீக் இதைக் கைவிடுவதாக அறிவித்தது. களத்தில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் கறுப்பர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. எண்ணுக்கு நிறமில்லை என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

ஆனால் எண் எப்போதும் எஜமான் பக்கமே நிற்கும் என்றும் சொல்லிவிட முடியாது. கல்லூரிக் கால்பந்து விளையாட்டுகளில் அப்போது வீரர்களுக்குப் பெயர் இருக்கவில்லை; குவார்ட்டர்பேக் எண் 9 என்பதுபோல் மட்டும் இருந்தது. மாணவர்கள் சம்பளமில்லா அமெச்சூர்கள் என்பது அன்றைய விதி. பெயரில்லாததால் பணமும் தர வேண்டியிருக்கவில்லை. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆடிய சாம் கெல்லர் வழக்குப் போட்டார். பொம்மைக்கும் அவருக்கும் அதே சட்டை எண், அதே உயரம், அதே எடை, அதே சொந்த மாநிலம். 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இது கற்பனைப் படைப்பு என்ற நிறுவனத்தின் வாதத்தை ஏற்கவில்லை. பெயரை மறைத்தவர்களால் எண்ணை மறைக்க முடியவில்லை. துல்லியம்தான் அவர்களின் சரக்கு. அதே துல்லியம்தான் அவர்களுக்கு எதிரான சாட்சி. அந்த ஆண்டோடு கல்லூரி வரிசை நின்றது. 2014இல் 4 கோடி டாலருக்கு நிறுவனமும் அதன் உரிமப் பங்காளியும் சமரசத்துக்கு வந்தார்கள். 2024 ஜூலையில் விளையாட்டு திரும்பி வந்தது. இம்முறை பெயர்கள் இருந்தன. சம்மதித்த வீரருக்கு 600 டாலரும் விளையாட்டின் ஒரு பிரதியும் கிடைத்தன.

600 டாலர் நியாயமான விலையா என்பது வேறு சண்டை. அந்தச் சண்டை இனி தொடரும். நமக்கு முக்கியமானது, சண்டை போடவே ஓர் இடம் கிடைத்தது எப்படி என்பதுதான். அளக்கப்பட்டவன் தன்னை அளந்த கோப்பைக் கையில் எடுத்து, இது நான்தான், என் உடல்தான், இதில் எனக்கும் பங்குண்டு என்று சொன்னான். எண்ணைத் தூக்கி எறிந்துவிட்டு ‘மனிதன்’ என்ற பழைய புனிதத்துக்குத் திரும்புவது எளிதான வழி. அதனால் ஒருவருக்கும் இழப்பீடு கிடைத்ததில்லை. அளக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது, அளவின் லாபம் எங்கே போகிறது என்று கேட்பதில்தான் விமர்சனத்தின் வேலை தொடங்குகிறது. விளையாடுகிறவர்கள் தாராளமாக விளையாடட்டும். வெளியே அனுப்பும் பொத்தானை அழுத்துகையில், அது யாருடைய கை என்று ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.