காமாலை: வியாதியன்று, அடையாளமே

நமது கிராமங்களில் ஒருவருக்குக் கண் மஞ்சளித்தால், உடனே கீழாநெல்லியை அரைத்துக் கொடுப்பது வழக்கம். சங்கத்தில் தவணைப் பாக்கி விழுந்தால், மழை பொய்த்ததா, மாடு இறந்ததா என்று காரணத்தை விசாரிக்கிறோமல்லவா? காமாலைக்கும் அவ்விதமே காரணம் விசாரித்தல் வேண்டும்.

பழைய சிவப்பணுக்கள் அழியும்போது பிலிரூபின் என்னும் மஞ்சள் வஸ்து உண்டாகிறது. ஈரல் அதைப் பித்தத்தோடு குடலுக்கு அனுப்புகிறது. அணுக்கள் அளவு மீறி அழிந்தாலும், ஈரல் நோயுற்றாலும், பித்தக் குழாயைக் கல் அடைத்தாலும் அது இரத்தத்தில் தேங்கும். மலம் வெளுத்து, உடலில் அரிப்பும் கண்டால் அடைப்பைச் சந்தேகிக்கலாம்.

ஈரலைத் தாக்கும் வைரஸ் கிருமிகள் பல. 'ஏ', 'இ' வகைகள் அசுத்த ஜலத்தாலும் ஆகாரத்தாலும் பரவுவன. பெரும்பாலோர்க்கு இவை சில வாரங்களில் தாமே தணியும். பச்சிலைக்குக் கீர்த்தி வந்ததும் இதனாலேயாம். ஆயினும், 'இ' வகை கர்ப்பிணிகளின் உயிருக்கே அபாயமாகலாம்.

'பி', 'சி' வகைகள் முக்கியமாக இரத்தத்தின் மூலம் பரவி, பல்லாண்டுகள் மறைந்திருந்து ஈரலைக் கெடுப்பன. 'பி' வகையைக் கண்டறிந்த புளும்பர்க் என்னும் அமெரிக்க விஞ்ஞானிக்கு 1976-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதைத் தடுக்கும் ஊசியைக் குழந்தை பிறந்த 24 மணி நேரத்திற்குள் போடுதல் நலம். 1989-ல் கண்டுபிடிக்கப்பட்ட 'சி' வகையோ, இன்று மாத்திரைகளால் பெரும்பாலும் குணமாகிறது. ஆனால் இரத்தப் பரிசோதனையின்றி இன்ன வகையென அறிய இயலாது.

ஆகவே, கண் மஞ்சளித்தவரைத் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். நினைவு தடுமாறினாலும், இரத்த வாந்தி கண்டாலும் ஒரு மணி நேரமும் வீணாக்கலாகாது. அங்கத்தினர்கள் இதனை வீடுதோறும் எடுத்துரைப்பார்களாக.