ஃப்ளோ மீட்டர் காட்டும் எண்ணை நம்பலாமா? டிரான்ஸ்மிட்டரில் சரிபார்க்க வேண்டியவை

"அஞ்சு எச்.பி. மோட்டார், ரெண்டு மணி நேரம் ஓட்டினேன்." பாசனத் தண்ணீருக்கு நாம் சொல்லும் கணக்கு பெரும்பாலும் இதுதான். கார்த்திகையில் நீர்மட்டம் மேலே இருக்கும்போது இரண்டு மணி நேரத்தில் ஏறும் தண்ணீர் வேறு. சித்திரையில் அதே மோட்டார், அதே இரண்டு மணி நேரத்தில் இறைக்கும் தண்ணீர் வேறு. வடிகட்டி அடைத்துக்கொண்டாலும் குறையும். சோலார் பம்ப் என்றால் மேகம் மறைத்தாலே குறைந்துவிடும். வாய்க்கால் பாசனத்தில் இதனால் பெரிய கெடுதல் இல்லை. கண்ணால் பார்த்து மடை மாற்றிவிடலாம். சொட்டுநீரில் உரம் கலந்து விடும்போதும், பங்குக் கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் பிரிக்கும்போதும் மணிக் கணக்கு போதாது. லிட்டர் கணக்கு வேண்டும்.

அதனால் இப்போது தோட்டங்களில் மின்காந்த ஃப்ளோ மீட்டர்களைப் பார்க்க முடிகிறது. இரசாயன ஆலை, பால் பண்ணை, கழிவுநீர் நிலையம் போன்ற இடங்களுக்காக உருவான கருவி இது. கிணற்றுத் தண்ணீருக்கும் நன்றாகவே உழைக்கும். ஆனால் தொழிற்சாலையிலிருந்து வரும்போது பொதுவான செட்டிங்குகளோடுதான் வரும். உங்கள் குழாய் என்ன, எவ்வளவு தண்ணீர் ஓடும், உரக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு எப்படித் தகவல் தர வேண்டும் என்பதையெல்லாம் நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும். குழாய் வேலை முடிந்ததும் திரையில் ஏதோ ஒரு எண் தெரிகிறது, 'ஓடுது சார்' என்று சொல்லிவிட்டுப் பொருத்தியவர் கிளம்பிவிடுகிறார். அந்த எண் பாதிக்குப் பாதி தவறாகவும் இருக்கலாம்.

முதலில் ஒன்று. இரண்டு ஏக்கர், ஒரே பயிர், கையால் வால்வு திருப்புகிறவர் என்றால் இது தேவையில்லை. முள் சுற்றும் சாதாரணத் தண்ணீர் மீட்டரே போதும், வடிகட்டிக்கு அப்புறம் வைத்தால் சரி. தானியங்கி உரப்பாசனம், பங்குக் கிணறு, உழவர் குழுவின் பொதுக் கிணறு ஆகியவற்றுக்குத்தான் மின்காந்த மீட்டர் பொருத்தமானது.

பெயர்ப் பலகை எண்ணும் குழாய் அளவும்

இதில் இரண்டு பகுதிகள் உண்டு. குழாயோடு சேர்த்துப் பொருத்துவது சென்சார். எண் காட்டும் பெட்டி டிரான்ஸ்மிட்டர். சென்சாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அதன் ஊடே தண்ணீர் ஓடும்போது மிகச் சிறிய மின்னழுத்தம் பிறக்கிறது. மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இதற்கு அடிப்படை. தண்ணீர் வேகமாக ஓடினால் மின்னழுத்தம் கூடும். தண்ணீருக்குக் கொஞ்சமாவது மின்கடத்தும் திறன் இருக்க வேண்டும். பெரும்பாலான மீட்டர்களுக்கு 5 மைக்ரோ சீமென்ஸ் இருந்தால் போதும். உங்கள் நீர்ப் பரிசோதனை அறிக்கையில் 0.5 டெசி சீமென்ஸ் என்று போட்டிருந்தாலே அது 500 மைக்ரோ சீமென்ஸ். ஆகவே அந்தக் கவலை நமக்கு இல்லை.

ஆனால் கருவி அளப்பது வேகத்தைத்தான், லிட்டரை அல்ல. வேகத்தைக் குழாயின் குறுக்குப் பரப்பால் பெருக்கித்தான் லிட்டர் கணக்கைத் திரையில் காட்டுகிறது. பரப்பு, விட்டத்தின் வர்க்கத்தோடு கூடுவது. அதனால் அளவை மாற்றிப் பதிந்தால் பிழை பெரிதாகும். 65 மி.மீ. சென்சாருக்கு 80 மி.மீ. என்று பதிவாகியிருந்தால் 100 லிட்டர் ஓடும்போது 151 லிட்டர் காட்டும். 50-க்கு 65 என்றால் 169 லிட்டர். கடையில் நாம் சொல்லும் '63 எம்.எம். பைப்' என்பது பி.வி.சி. குழாயின் வெளி விட்டம். அதை இங்கே பதியக் கூடாது. சென்சாரின் பெயர்ப் பலகையில் உள்ள அளவைத்தான் பதிய வேண்டும்.

அதே பலகையில் அளவுத்திருத்தக் காரணி என்று ஒரு எண் அச்சிட்டிருக்கும். ஒவ்வொரு சென்சாரையும் ஆலையில் தண்ணீர் ஓட்டிச் சோதித்துப் பெற்ற எண் அது. ஒரே மாடலில் இரண்டு சென்சார் வாங்கினாலும் இரண்டுக்கும் வேறுபடும். டிரான்ஸ்மிட்டர் மெனுவில் 'மீட்டர் ஃபேக்டர்', 'கே ஃபேக்டர்', 'காலிப்ரேஷன் ஃபேக்டர்' என்று நிறுவனத்துக்கு ஒரு பெயரில் இருக்கும். பலகையில் உள்ள எண்ணும் மெனுவில் உள்ள எண்ணும் புள்ளி முதற்கொண்டு ஒன்றாக இருக்க வேண்டும்.

அலகையும் அப்போதே பார்த்துவிடுங்கள். மணிக்கு கன மீட்டர் என்று வையுங்கள். 1 கன மீட்டர் என்பது 1,000 லிட்டர். வினாடிக்கு 1 லிட்டர் என்றால் மணிக்கு 3.6 கன மீட்டர். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, மோட்டார் தண்ணீர் தள்ளவில்லை என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிடக் கூடாது. மின்சார அலைவெண் என்ற செட்டிங் இருந்தால் நம் நாட்டுக்கு 50 ஹெர்ட்ஸ். 60 என்றிருந்தால் மாற்றுங்கள்.

தண்ணீர் ஓடுகிறது, மீட்டர் பூஜ்யம் காட்டுகிறது

தென்னைத் தோப்பு வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஏக்கருக்கு 70 மரம், மரத்துக்கு 4 டிரிப்பர், ஒவ்வொன்றும் மணிக்கு 8 லிட்டர். மொத்தம் மணிக்கு 2,240 லிட்டர், அதாவது 2.24 கன மீட்டர். இதே பிரதானக் குழாயில் பகலில் அரை ஏக்கர் தக்காளிக்கும் தண்ணீர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். லேட்டரல் இடைவெளி 1.5 மீட்டர், 60 செ.மீ.க்கு ஒரு 4 லிட்டர் டிரிப்பர் என்றால் மணிக்கு ஏறக்குறைய 9 கன மீட்டர். குழாய் பெரியது என்பதால் 65 மி.மீ. மீட்டரை மாட்டியிருக்கிறோம்.

ஒவ்வொரு டிரான்ஸ்மிட்டரிலும் 'லோ ஃப்ளோ கட் ஆஃப்' என்று ஒன்று உண்டு. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே ஓடினால் பூஜ்யம் என்றே எடுத்துக்கொள் என்பது அதன் பொருள். மோட்டார் நின்றபின் குழாயில் தண்ணீர் லேசாக ஆடுவதைக் கணக்கில் சேர்த்துவிடாமல் இருக்க இது வேண்டும். ஆனால் 65 மி.மீ. சென்சாரின் முழு அளவு, வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில், மணிக்கு சுமார் 120 கன மீட்டர். கட் ஆஃப் 2 சதவீதம் என்று வைத்திருந்தால் அது 2.4 கன மீட்டர். தென்னைக்குப் போகும் 2.24 இதற்குக் கீழே. இரவு எட்டு மணி நேரம் ஓடி, கிட்டத்தட்ட 18,000 லிட்டர் தண்ணீர் போயிருக்கும். காலையில் பார்த்தால் மீட்டரில் ஒரு லிட்டர் கூட ஏறியிருக்காது. பங்குக் கிணற்றில் இது நடந்தால் என்ன பேச்சு வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் தோட்டத்தில் எந்த வால்வு திறந்தால் மிகக் குறைவாகத் தண்ணீர் ஓடுமோ, அந்த அளவில் கால் பங்குக்கும் கீழே கட் ஆஃப் இருக்கட்டும். இந்த உதாரணத்தில் 0.5 கன மீட்டர். பிறகு மோட்டாரை நிறுத்திவிட்டு, எண் பூஜ்யத்துக்கு வந்து நிற்கிறதா என்று பாருங்கள்.

இதைவிட நல்ல வழி வாங்கும்போதே இருக்கிறது. குழாய் அளவுக்கே மீட்டர் வாங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. மேலே சொன்ன தோட்டத்தில் ரெடியூசர் போட்டு 40 மி.மீ. மீட்டரை வைத்தால், தென்னைக்கு ஓடும்போது வேகம் வினாடிக்கு அரை மீட்டர், தக்காளிக்கு ஓடும்போது 2 மீட்டர். இரண்டுமே நன்றாக அளக்கக்கூடிய வேகம்தான். 65-இல் தென்னைக்கான வேகம் 0.19 மீட்டர் மட்டுமே. பெரிய மீட்டர் வாங்கினால் நல்லது என்ற எண்ணம் இங்கே பொருந்தாது.

காலிக் குழாயும் எர்த்தும்

மோட்டார் நின்றதும் குழாய் வடிந்துவிடும் இடத்தில் மீட்டர் இருந்தால், உள்ளே உள்ள மின்முனைகள் காற்றில் நிற்கும். அப்போது கருவி மனம்போன எண்களைக் காட்டும், மொத்தக் கணக்கும் தானாக ஏறும். 'எம்ப்டி பைப்' என்ற செட்டிங்கை இயக்கத்தில் வையுங்கள். பல மாடல்களில் குழாய் நிறைந்த நிலையில், உங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டே அதைப் பழக்க வேண்டும். தண்ணீர் மேல்நோக்கி ஏறும் நிமிர்ந்த குழாயில் பொருத்தினால் இந்தத் தொல்லையே பாதி குறையும். படுக்கைக் குழாயில் பொருத்தினால் மின்முனைகள் இடமும் வலமுமாக இருக்க வேண்டும். மேலும் கீழுமாக இருந்தால் மேலே காற்றுக் குமிழி, கீழே வண்டல்.

மோட்டார் நின்றதும் தண்ணீர் பின்னோக்கி ஓடுவதும் உண்டு. முன்னோட்டத்தை மட்டும் கணக்கிடுமாறு வையுங்கள். கூடவே, திரும்பாத வால்வு பழுதா என்றும் பாருங்கள்.

எர்த் விஷயத்தில் நம் தோட்டங்களில் ஒரு தனிச் சிக்கல். ஆலைகளில் இரும்புக் குழாய், தண்ணீர் தானாகவே எர்த்தோடு தொடர்பில் இருக்கும். நம்முடையது பி.வி.சி. அதனால் சென்சாரின் இரு பக்கமும் எர்த் வளையம் போட்டு, சென்சாரின் எர்த் முனையோடு இணைத்தாக வேண்டும், அல்லது எர்த் மின்முனை உள்ள சென்சாராக வாங்க வேண்டும். வளையத்துக்குத் தனி விலை என்று அதை விட்டுவிடுபவர்கள் உண்டு. எண் நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். சென்சார் கம்பியை மோட்டார் கம்பியோடு ஒரே பைப்பில் கொண்டுபோகாதீர்கள்.

பொருத்தும் இடம் மணல் வடிகட்டிக்கு அப்புறம், வெஞ்சுரிக்கு முன்பு. வடிகட்டிக்கு முன்னால் வைத்தால் வடிகட்டி கழுவும் தண்ணீரும் கணக்கில் ஏறும். வெஞ்சுரிக்குப் பின்னால் வைத்தால், உரக்கரைசல் சரியாகக் கலப்பதற்கு முன் மீட்டருக்குள் போய் எண்ணை அலைய வைக்கும். மீட்டருக்கு முன்னே குழாய் விட்டத்தைப் போல் 5 மடங்கு, பின்னே 3 மடங்கு நேர்க் குழாய் விடுங்கள். 65 மி.மீ.க்கு முன்பக்கம் ஒரு அடி தாராளமாக இருந்தால் சரி.

உரம் இங்கேதான் தவறும்

டிரான்ஸ்மிட்டரிலிருந்து உரக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தகவல் போகும் வழி பெரும்பாலும் இரண்டு. ஒன்று பல்ஸ். இத்தனை லிட்டர் ஓடினால் ஒரு துடிப்பு. டிரான்ஸ்மிட்டரில் ஒரு பல்ஸ் 10 லிட்டர் என்றும், கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஒரு பல்ஸ் 100 லிட்டர் என்றும் இருந்தால், பெட்டி பத்து மடங்கு தண்ணீர் ஓடியதாக நினைத்துப் பத்து மடங்கு உரத்தைத் தள்ளும். இலை ஓரம் கருகியபின்தான் நமக்குத் தெரியும். தலைகீழாக இருந்தால் பயிர் பட்டினி கிடக்கும், நாம் விதையைக் குறை சொல்வோம்.

ஒரு லிட்டருக்கு ஒரு பல்ஸ் என்று நுணுக்கமாக வைத்தால் நல்லதுதானே என்று தோன்றும். 9 கன மீட்டர் ஓடும்போது வினாடிக்கு 2.5 பல்ஸ் போக வேண்டும். பல்ஸின் நீளம் 250 மில்லி செகண்ட் என்றிருந்தால், இடைவெளியோடு சேர்த்து வினாடிக்கு இரண்டுதான் அனுப்ப முடியும். மீதி தவறிப்போகும். 10 லிட்டருக்கு ஒன்று என்றால் நான்கு வினாடிக்கு ஒரு பல்ஸ், தோட்டத்துக்கு அது போதும்.

இன்னொரு வழி 4 முதல் 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டம். 4 என்றால் ஓட்டமில்லை, 20 என்றால் முழு அளவு. கம்பி அறுந்தால் 4-க்கும் கீழே போய்விடும் என்பதால் பழுது உடனே தெரியும். இந்த முழு அளவு இரண்டு பெட்டிகளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். டிரான்ஸ்மிட்டரில் 20 கன மீட்டர், கட்டுப்பாட்டுப் பெட்டியில் 50 என்றிருந்தால், ஓடுவது 9, பெட்டி புரிந்துகொள்வது 22.5.

'டேம்பிங்' என்பது எண் துள்ளாமல் இருப்பதற்கு. 5 வினாடி வையுங்கள். 30, 40 என்று கூட்டினால் வால்வு மூடியபின்னும் தண்ணீர் ஓடுவதாகக் காட்டிக்கொண்டிருக்கும்.

தொட்டியில் பிடித்துப் பாருங்கள்

எல்லாம் பதிந்தபின் தொட்டிச் சோதனை. சிமென்ட் தொட்டியின் உட்புற நீள அகலத்தை அளந்துகொள்ளுங்கள். 10 அடிக்கு 6 அடி தொட்டியில் ஒரு அடி உயரம் ஏறினால் 60 கன அடி. ஒரு கன அடி 28.3 லிட்டர் என்பதால் சுமார் 1,700 லிட்டர். மீட்டரின் மொத்தக் கணக்கை முன்னும் பின்னும் குறித்துக்கொள்ளுங்கள். காற்று முழுவதும் வெளியேறியபின் தொடங்க வேண்டும். மூன்று முறை செய்யுங்கள். உயரத்தைக் கால் அங்குலம் தப்பாகப் பார்த்தாலே 2 சதவீதம் வித்தியாசம் வரும். அதற்காகச் செட்டிங்கில் கை வைக்காதீர்கள்.

மூன்று முறையும் ஒரே விகிதத்தில் தவறினால் செட்டிங்கில்தான் கோளாறு. 1,700 லிட்டருக்கு 2,570 காட்டினால் ஒன்றரை மடங்கு, 65-க்கு 80 பதிந்திருக்கிறது. 3.6 மடங்கு என்றால் அலகு. உரப் பெட்டியில் மட்டும் 10 மடங்கு என்றால் பல்ஸ். ஒவ்வொரு முறையும் வேறு வேறு அளவில் தவறினால் செட்டிங்கைத் தொட வேண்டாம். காற்று, எர்த், நேர்க் குழாய் ஆகியவற்றைப் பாருங்கள்.

'ஜீரோ அட்ஜஸ்ட்' என்ற பொத்தானைச் சும்மா அழுத்திவிடாதீர்கள். இரு பக்க வால்வும் மூடி, குழாய் நிறைந்து, தண்ணீர் அசையாமல் நிற்கும்போது மட்டுமே அதைச் செய்யலாம். கசிவு இருக்கும்போது அழுத்தினால், அந்தக் கசிவையே பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு, பிறகு ஓடும் தண்ணீரிலும் அந்த அளவைக் கழித்துக்கொண்டே இருக்கும்.

சோதனை சரியாக வந்த அன்றே மெனுவின் ஒவ்வொரு பக்கத்தையும், சென்சாரின் பெயர்ப் பலகையையும் போனில் படம் எடுத்து வையுங்கள். கடவுச் சொல்லைப் பாசனக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். இடி மின்னலில் முதலில் போவது டிரான்ஸ்மிட்டர்தான், சென்சார் பெரும்பாலும் தப்பிக்கும். சில மாடல்களில் காரணி எண் சென்சாரின் நினைவிலேயே இருக்கும். மற்றவற்றில் புதுப் பெட்டிக்கு அந்த எண் தெரியாது. படத்தைப் பார்த்து எல்லாவற்றையும் பதிந்து, இன்னொரு முறை தொட்டியில் பிடித்துப் பார்த்தபின் உரப் பம்பைத் திறங்கள்.